பர்மா தேக்கா, பிளாஸ்டிக் தேக்கா? படகுக்காரர்களைத் தூங்கவிடாத கேள்வி!

வீடு கட்டும்போது நிலைவாசலுக்கு என்ன மரம் என்று கேட்டால், நம் ஊரில் தாத்தா காலத்திலிருந்து ஒரே பதில்தான்: பர்மா தேக்கு. காரைக்குடிப் பக்கம் போனால் அந்தப் பதில் தூண் தூணாக நிற்கும். பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் கப்பலில் ஏற்றிவந்து இறக்கிய மரம் அது. நூறு வருடம் ஆகியும் அசையவில்லை.

அதே பர்மா தேக்கை வைத்து இன்று வேறொரு இடத்தில் பெரிய விவாதம் நடக்கிறது. இங்கிலாந்தின் தென்கரை, மத்தியதரைக் கடலோரம், அமெரிக்காவின் ஃபுளோரிடா என எங்கெல்லாம் பாய்மரப் படகுகள் வரிசைகட்டி நிற்கின்றனவோ, அங்கெல்லாம் இந்தப் பேச்சு ஓடுகிறது. படகின் மேல்தளத்தில் பதித்த தேக்குப் பலகைகள் தேய்ந்துவிட்டன. மறுபடியும் தேக்கே போடுவதா, இல்லை பார்ப்பதற்குத் தேக்கு மாதிரியே இருக்கும் பி.வி.சி. தளத்தை வாங்கி ஒட்டிவிடுவதா?

சொந்தப் படகு என்றதும் கோடீஸ்வரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தவிப்பவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள் இல்லை. 1980களில் கட்டிய 35 அடி, 40 அடி பழைய படகு ஐரோப்பாவில் ஒரு நல்ல கார் விலைக்குக் கிடைத்துவிடும். ரிட்டயர் ஆன தம்பதி சேமிப்பைப் போட்டு அப்படி ஒன்றை வாங்குவார்கள். வாங்கிய பிறகுதான் தெரியும், மேல்தளத்தை மாற்றும் செலவு படகு வாங்கிய விலையில் பாதியைத் தொடும் என்று. தப்பாக முடிவெடுத்தால் சேமிப்பும் போகும், படகும் போகும்.

முதலில், படகுக்குத் தேக்கு எதற்கு?

நேர்மையாகச் சொன்னால், இந்தப் படகுகளுக்குத் தேக்கு தேவையே இல்லை. உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அந்த ஃபைபர்தான். மேலே இருக்கும் தேக்கு வெறும் போர்வை.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. மரக்கப்பல்களில் மேல்தளப் பலகைதான் கூரை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் நாரை அடைத்து, மேலே தாரை உருக்கி ஊற்றுவார்கள். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும்; அந்தக் கறுப்புக்கோடு அதற்கு வளைந்துகொடுக்கும். இன்று பி.வி.சி. தளத்திலும் அதே கறுப்புக்கோடுகள் அச்சுப்பிசகாமல் இருக்கின்றன. பிளாஸ்டிக் உப்பப் போகிறதா என்ன? ஆனாலும் கோடு இல்லாமல் விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள்.

தேக்கைக் கப்பல்காரர்கள் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அழகு இல்லை. மரத்துக்குள்ளேயே எண்ணெய் இருக்கிறது; பூஞ்சையும் பூச்சியும் எளிதில் அண்டாது. ஈரம் ஏறினாலும் மற்ற மரங்களைப்போல உப்பி முறுக்கிக்கொள்ளாது. ஓக் மரத்தில் இருக்கும் அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் ஆணி பிழைக்கும். மரத்தில் சிலிக்காவும் உண்டு. தச்சர்களின் ரம்பம் சீக்கிரம் மழுங்குவதற்குக் காரணம் அதுதான்.

இந்த மரத்தின் குணம் பிரிட்டிஷ் கடற்படைக்கு இந்தியாவில்தான் புரிந்தது. ‘டீக்’ என்ற ஆங்கில வார்த்தையே நம் தேக்குதான். மலையாளத்திலும் தமிழிலும் இருந்த சொல் போர்ச்சுக்கீசியர் வாயில் ‘டெகா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817-ல் கடலில் இறக்கிய போர்க்கப்பல் ஒன்று இன்னமும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் ஊரில் தண்ணீரில் மிதக்கிறது. அதன் பெயர் ‘டிரிங்கோமலி’. ஆமாம், நம் திருகோணமலைதான். கப்பல் கட்டக் கட்டக் காட்டு மரம் தீர்ந்துகொண்டே வந்ததால், 1840களில் மலபார் கலெக்டர் கானலி, சாத்து மேனன் என்பவரின் உழைப்பில் நிலம்பூரில் தேக்குத் தோட்டமே போட்டார். அன்று அது சென்னை மாகாணம். தேக்கு தீர்ந்துபோகுமோ என்ற கவலை அப்போதே ஆரம்பித்துவிட்டது.

இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1945 செப்டம்பர் 2-ம் தேதி ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்ட மேஜை நின்றதும் தேக்குத் தளத்தில்தான், ‘மிசூரி’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில்.

இவ்வளவு பெருமை இருந்தாலும், இன்றைய சின்னப் படகுக்குத் தேக்கு தரும் ஒரே உருப்படியான லாபம் காலுக்குப் பிடிமானம். பிடிமானம் சின்ன விஷயம் இல்லை. இரவில், மழையில், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும்போது பாயை இறக்க முன்பக்கம் போக வேண்டியிருக்கும். கால் வழுக்கினால் கடல். நனைந்த தேக்கில் வெறுங்கால்கூட வழுக்காது. எந்த மாற்றுப்பொருள் வந்தாலும் முதலில் இந்தப் பரீட்சையில்தான் தேற வேண்டும்.

ஆயிரம் ஸ்க்ரூ, ஆயிரம் ஓட்டை

பழைய படகுகளில் பிரச்னை மரத்தில் இல்லை, மரத்தைப் பதித்த விதத்தில் இருக்கிறது. 1970, 80களில் தைவானில் கட்டி உலகமெங்கும் போன படகுகள் இதற்குப் பேர்போனவை. தச்சுவேலை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு தேக்குப் பட்டையையும் வரிசையாக ஸ்க்ரூ போட்டு ஃபைபர் தளத்தில் இறுக்கியிருப்பார்கள். ஸ்க்ரூ தலை தெரியாமல் இருக்க மேலே ஒரு குட்டி மரத்தக்கை. ஒரு படகுக்கு ஆயிரக்கணக்கில் ஸ்க்ரூ. அதாவது, தண்ணீர் புகாத தளத்தில் ஆயிரக்கணக்கில் ஓட்டை.

மரம் தடிமனாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. 12 மில்லிமீட்டரில் ஆரம்பித்த பலகை வருடா வருடம் தேயும். காலால் தேய்வதைவிடக் கழுவித் தேய்வதுதான் அதிகம் என்பது வேடிக்கை. படகைப் பளிச்சென்று வைத்திருக்க வேண்டும் என்று முரட்டு பிரஷ்ஷால் நீளவாக்கில் தேய்ப்பார்கள், பிரஷர் வாஷர் அடிப்பார்கள், அமிலம் கலந்த கிளீனர் ஊற்றுவார்கள். மரத்தின் மெத்தென்ற பகுதி கரைந்து ஓட, கெட்டியான வரிகள் மேடாக நிற்கும். அதைச் சமமாக்க உப்புத்தாள் போட்டு இழைப்பார்கள். மறுபடி ஒரு மில்லிமீட்டர் காலி. சோம்பேறி முதலாளியின் தேக்குத் தளம் நீண்ட நாள் உழைக்கும். அக்கறையான முதலாளியின் தளம் சீக்கிரம் செத்துப்போகும்.

ஒரு கட்டத்தில் மரத்தக்கைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிழும். ஸ்க்ரூ தலை வெளியே எட்டிப்பார்க்கும். மழைத்தண்ணீர் ஸ்க்ரூவின் மரையைப் பிடித்துக்கொண்டு இறங்கும். ஃபைபர் தளம் என்பது முழுக்க ஃபைபர் இல்லை. மேலே ஒரு ஃபைபர் தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் எடை குறைவதற்காக பால்சா மரமோ பிளைவுட்டோ. தண்ணீர் அந்த நடு மரத்துக்குப் போய்விட்டால் வெளியே வர வழி கிடையாது. உள்ளேயே ஊறி, அழுகி, நடந்தால் கால் அமுங்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி நமக்குத் தெரிந்ததுதான். தேங்காய் வாங்கும்போது தட்டிப்பார்க்கிற மாதிரி, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போக வேண்டும். ‘டக் டக்’ என்று கணீரென்று கேட்டால் நல்லது. ‘பொத் பொத்’ என்றால் கீழே சோறு ஆகிவிட்டது என்று அர்த்தம். ஈரமானி வைத்தும் பார்ப்பார்கள். ஆனால் தேக்கே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால், மேலிருந்து வைத்தால் அது குழப்பும். கீழ்ப்பக்கம் அறைக்குள்ளிருந்து வைத்துப் பார்ப்பது உத்தமம்.

தேக்கா, பிளாஸ்டிக்கா என்ற கேள்விக்கு முன்னால் இந்தத் தட்டிப்பார்க்கும் வேலை முடிந்திருக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பழைய தேக்கைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஈரம் காயாத தளத்தின் மேல் அழகான பி.வி.சி.யை ஒட்டிவிட்டால் புண்ணுக்கு மேல் பவுடர் பூசிய கதைதான். உள்ளே அழுகல் நிற்காது. ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையையும் துளைத்து, காயவைத்து, எப்பாக்ஸி ஊற்றி அடைத்த பிறகுதான் மேலே எது வேண்டுமானாலும் போடலாம். செலவில் பெரும்பகுதி இந்த வேலைக்கான கூலிதான். மேலே வருவது தேக்கோ பிளாஸ்டிக்கோ, இதில் ஒரு பைசா மிச்சம் பிடிக்க முடியாது.

பிளாஸ்டிக்கின் பக்கம்

பி.வி.சி. தளம் தயாராகும் விதம் தையல்கடையை ஞாபகப்படுத்தும். படகின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஒவ்வொரு வளைவையும் கொக்கியையும் மூடியையும் வரைந்து அளவெடுப்பார்கள். அந்த அளவு பட்டறைக்குப் போகும். பட்டைகளை வரிசையாக வைத்து, கறுப்புக்கோட்டையும் சேர்த்துச் சூட்டில் ஒட்டி, முழுத் துண்டாக்குவார்கள். படகுக்குத் திரும்பி வந்ததும் பசை தடவி, ரோலர் உருட்டி, மேலே மணல் மூட்டை ஏற்றிவைத்தால் முடிந்தது. ஒரு ஸ்க்ரூகூட இல்லை. கைப்பழக்கம் இருப்பவர்கள் தாங்களே ஒட்டிக்கொள்கிறார்கள். தேக்குத் தச்சர் வாரக்கணக்கில் செய்யும் வேலை நாள் கணக்கில் முடிகிறது.

பராமரிப்பும் சுலபம். சோப்புத்தண்ணீர் போதும். டீசல், ஒயின், மீன் ரத்தம் என்று எது கொட்டினாலும் பெரும்பாலும் போய்விடும். பிடிவாதமான கறை என்றால் முரட்டு உப்புத்தாளால் தேய்த்தால் புதுத்தளம் வெளியே வரும். தேக்கில் ஒரு துளி எண்ணெய் சிந்தினால் படகின் சொந்தக்காரர் முகம் எப்படி மாறும் என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

“பிளாஸ்டிக் என்றால் எடை குறைவுதானே?” என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. தேக்கு ஒரு கனமீட்டருக்குச் சுமார் 650 கிலோ. 10 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சதுர மீட்டருக்கு ஆறரைக் கிலோ. பி.வி.சி.யின் அடர்த்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் 5 மில்லிமீட்டர் பி.வி.சி. தளமும் கிட்டத்தட்ட அதே எடைக்கு வந்து நிற்கும். எடை குறைத்த ரகங்கள் வந்திருக்கின்றன. ஆனால் வாங்கும்முன் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கேட்காமல், “பிளாஸ்டிக், லேசாகத்தான் இருக்கும்” என்று நம்பிவிடக் கூடாது. படகில் எடை மேலே ஏற ஏற ஆட்டமும் அதிகம்.

பி.வி.சி. மாட்டிக்கொள்ளும் இடம் வெயில். மத்தியதரைக் கடலிலோ கரீபியனிலோ ஜூலை மதியத்தில், அடர் பழுப்பு நிற பி.வி.சி. தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தேக்கும் சுடத்தான் செய்யும், குறிப்பாகப் புதிதாகப் பழுப்பாக இருக்கும்போது. ஆனால் இரண்டு வித்தியாசம் உண்டு. ஒன்று, தேக்கு சில மாதங்களில் வெளுத்து வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். வெளிர்நிறம் சூட்டைக் குறைவாக வாங்கும். இரண்டு, மரம் அடர்த்தி குறைந்தது. அதே சூட்டில் இருந்தாலும் பாதத்துக்குள் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ஒரு வாளிக் கடல்நீரை ஊற்றினால் மரம் கொஞ்சம் ஈரத்தைக் குடித்துக்கொண்டு ஆவியாக விடும், அதனால் கூடுதல் நேரம் குளிர்ச்சியாக இருக்கும். பிளாஸ்டிக்கில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். பி.வி.சி. வாங்குபவர்கள் வெளிர்நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பிரச்னை தீரும் என்பது உண்மை. ஆனால் புதுத்தேக்கின் தேன்நிறத்துக்கு ஆசைப்பட்டுத்தானே பலர் கடைக்கே போகிறார்கள்!

ஆயுளைப் பொறுத்தவரை, நல்லபடி ஒட்டிய, ஸ்க்ரூ இல்லாத தேக்குத் தளம் இருபது வருடத்தைத் தாண்டும். பி.வி.சி. அதைவிடக் குறைவாகவே நிற்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது. வெயிலில் அதன் மென்மை போய் விறைக்க ஆரம்பிக்கும், ஓரங்கள் தூக்கும். கடைசியில் பிய்த்துப்போடும்போது, பசை ஒட்டிய அந்த பி.வி.சி. என்ன ஆகும்? பெரும்பாலும் குப்பைமேட்டுக்குத்தான். “மரம் வெட்டாமல் காட்டைக் காப்பாற்றுகிறோம்” என்ற விளம்பரம் இந்த இடத்துக்கு வந்ததும் மெளனமாகிவிடுகிறது.

காட்டில் நடப்பது என்ன?

காட்டைப் பற்றிய பேச்சை விளம்பரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இயற்கைக் காட்டில் தேக்கு விளைவது உலகில் நான்கே நாடுகளில்: இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ். தாய்லாந்து 1989-ல் காட்டில் மரம் வெட்டுவதையே நிறுத்தியது. மெதுவாக வளர்ந்து, வளையங்கள் நெருக்கமாக அமைந்த காட்டுத்தேக்கு என்றால் படகுக்காரர்கள் பார்ப்பது மியான்மரைத்தான். ‘பர்மா தேக்கு’ என்ற பெயருக்கு நம் ஊரில் என்ன மரியாதையோ அதே மரியாதை அங்கேயும்.

மியான்மரில் தேக்கு விற்கும் உரிமை அரசு நிறுவனமான ‘மியன்மா டிம்பர் என்டர்பிரைஸ்’ கையில் இருக்கிறது. 2021 பிப்ரவரி 1-ம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அன்றிலிருந்து தேக்குப் பணம் ராணுவத்தின் பெட்டிக்குப் போகிறது. அந்த ஏப்ரலில் அமெரிக்கா இந்த நிறுவனத்தின் மேல் தடை விதித்தது; ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் சேர்ந்துகொண்டன. அதற்கு முன்பே, 2013 முதல் ஐரோப்பாவில் ஒரு சட்டம் இருந்தது. இறக்குமதி செய்பவர், இந்த மரம் எங்கே, யாரால், சட்டப்படி வெட்டப்பட்டதா என்று தானே விசாரித்து நிரூபிக்க வேண்டும். “விற்றவர் பேப்பர் கொடுத்தார்” என்பது போதாது.

இது ஏட்டோடு நின்றுவிடவில்லை. பிரிட்டனின் பிரபல உல்லாசப் படகு நிறுவனமான சன்சீக்கர், மியான்மர் தேக்கு உள்ளிட்ட மரங்களைச் சரியாக விசாரிக்காமல் இறக்குமதி செய்ததை ஒப்புக்கொண்டது. 2024 நவம்பரில் அபராதம், பறிமுதல், வழக்குச்செலவு எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டிவந்தது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸுக்காக 127 மீட்டர் நீளத்தில் ‘கோரு’ என்ற பாய்மரக் கப்பலைக் கட்டிய டச்சு நிறுவனம் ஓஷியன்கோவும், அதில் போட்ட தேக்கின் பூர்வீகத்தைச் சரிவர விசாரிக்காததற்காக 1,50,000 யூரோ கட்டியது.

சின்னப் படகின் சொந்தக்காரர் மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் மரக்கடையில் “இது ராணுவ ஆட்சிக்கு முன்னாலேயே வந்த கிடங்குச் சரக்கு” என்று சொல்லி விற்பதை நம்புவதா என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும். நான்கைந்து வருடமாகத் தீராத கிடங்கு என்பது அட்சயபாத்திரம் மாதிரி இருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. தடை விதிக்காத நாடுகளுக்கு மரம் போய், அங்கே அறுத்து இழைத்து, புதுப் பெயரோடு மேற்கே வரலாம். அப்படித் தடை விதிக்காத நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

அப்படியென்றால் தோட்டத்துத் தேக்கு? அதில் தப்பே இல்லை. ஜாவாவில் நூறு வருடத்துக்கும் மேலாகத் தேக்குத் தோட்டம் இருக்கிறது. முறையான சான்றிதழோடும் மரம் வருகிறது. ஆனால் எல்லாத் தோட்டமும் ஒன்றில்லை. இருபது, இருபத்தைந்து வருடத்தில் அவசரமாக வெட்டிய மரத்தில் வளையங்கள் அகலம், முடிச்சுகள் அதிகம், எண்ணெய்ப் பிடிப்புள்ள வைரப்பகுதி குறைவு. நம் ஊரில் வாய்க்கால் கரைத் தேக்கையும் காட்டுத் தேக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆசாரிகளுக்கு வித்தியாசம் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை வருட மரம் என்று கேட்டு, கையில் எடுத்து வரியைப் பார்த்து வாங்கினால் தோட்டத்துத் தேக்கில் நல்ல தளம் போட முடியும்.

மூன்றாவது கதவு

இரண்டில் ஒன்று என்று பேசிப்பேசியே பலர் மறந்துவிடும் வழி ஒன்று இருக்கிறது: இரண்டுமே வேண்டாம். ஓட்டைகளை அடைத்து, தளத்தை இழைத்து, மணல் கலந்த மாதிரி சொரசொரப்பான வெள்ளைப் பெயின்ட்டை அடித்துவிடுவது. மலிவு, லேசு, காலில் சுடாது, மழையில் வழுக்காது. உலகம் சுற்றக் கிளம்பும் பல தம்பதிகள் கடைசியில் இதைத்தான் செய்கிறார்கள். பார்க்க மொட்டையாக இருக்கும் என்பதுதான் குறை. வெறுங்காலில் மண்டிபோட்டால் முழங்கால் தோல் உரியும் என்ற புகாரும் உண்டு.

கார்க் இன்னொரு வழி. பாட்டில் மூடியில் பார்க்கும் அதே கார்க்கைத் துகளாக்கி, பசையோடு சேர்த்து அழுத்திப் பலகையாக்கியது. போர்ச்சுகலில் கார்க் ஓக் மரத்தின் பட்டையை ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை உரித்தெடுக்கிறார்கள். மரம் சாவதில்லை, மறுபடி பட்டை வளர்த்துக்கொள்ளும். இந்தத் தளம் எடை குறைவு, வெயிலில் காலுக்கு இதம். ஆனால் கூரான பொருள் விழுந்தால் பள்ளம் விழும், கறையும் பிடிக்கும். செருப்பு மாதிரி மெத்தென்ற ஃபோம் தளம் மீன்பிடிப் படகுகளில் பிரபலம். நாலு வெயில் பார்த்தால் சோர்ந்துவிடும்.

எது சரி என்பதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் சில இடங்களில் தயங்கவே வேண்டியதில்லை. படகில் இருக்கும் தேக்கு இன்னும் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது, தட்டினால் கணீரென்று கேட்கிறது என்றால், எந்தக் காரணத்துக்காகவும் அதைப் பிய்க்கக் கூடாது. சுற்றுச்சூழல் பெயரைச் சொல்லிப் பிய்ப்பது அதைவிட அபத்தம். அந்த மரம் வெட்டியாயிற்று, முப்பது வருடமாக உழைக்கிறது. கழன்ற தக்கைகளைப் புதிதாக அடித்து, கறுப்புக்கோட்டு ரப்பரை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பி, பிரஷர் வாஷரை யாருக்காவது தானம் கொடுத்துவிட்டால் இன்னும் பல வருடம் ஓடும். மெத்தென்ற பிரஷ்ஷால் குறுக்குவாக்கில், கடல்நீரில் லேசாகத் தேய்த்தால் போதும். தேக்கு எண்ணெய் பூசும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். சில வாரம் பளபளப்பு, பிறகு அதே எண்ணெயில் பூஞ்சை பிடித்துக் கறுத்துப்போகும்.

மரம் ஐந்தாறு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது, ஸ்க்ரூ தெரிகிறது என்றால் முழுசாக எடுக்க வேண்டியதுதான். வாடகைக்கு விடும் படகு, குழந்தைகள் ஐஸ்க்ரீம் கொட்டும் படகு, வெயில் குறைந்த வடக்குக் கடலில் ஓடும் படகு இவற்றுக்கு வெளிர்நிற பி.வி.சி. நல்ல தேர்வு. வருடம் முழுக்க வெப்பமண்டலத்தில் சுற்றுபவருக்கு பெயின்ட்டோ கார்க்கோ போடலாம். கையால் கட்டிய பழைய மரப்படகு, அதன் மதிப்பே மரத்தில்தான் இருக்கிறது என்றால், வயது தெரிந்த தோட்டத்துத் தேக்கை ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டலாம். எல்லா இடத்திலும் போட வேண்டும் என்றும் இல்லை. சுக்கான் பிடித்து உட்காரும் இடத்தில் மட்டும் நல்ல தேக்கு, மற்ற இடமெல்லாம் பெயின்ட் என்று செலவைக் கால்பங்காக்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

விற்கும்போது விலை கிடைக்கும் என்று தேக்கு போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புதுத் தேக்கைப் பார்த்து வாங்க வருபவர் மயங்குவார், உண்மை. பத்து, பதினைந்து வருடத் தேக்கைப் பார்த்தால் அதே ஆள், “இதை மாற்ற எவ்வளவு ஆகும்?” என்று கேட்டு விலையைக் குறைக்க ஆரம்பிப்பார்.

பி.வி.சி. பக்கம் சாய்ந்துவிட்டவர்கள், ஆர்டர் கொடுக்கும்முன் கடைக்காரரிடம் இரண்டு மூன்று நிறத்தில் சாம்பிள் துண்டு வாங்கி, படகின் மேலேயே ஒரு கோடைகாலம் வெயிலில் போட்டுவைப்பது நல்லது. மதியம் பன்னிரண்டு மணிக்கு வெறுங்காலை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். ஒரு துளி சன்ஸ்க்ரீன், ஒரு துளி டீசல் விட்டுக் கழுவிப் பார்க்கலாம். அப்படிச் சாம்பிள் கேட்கும்போது கேட்லாக்கில் ஒரு நிறம் கண்ணில் படும். வெயிலில் பல வருடம் காய்ந்து வெளுத்த பழைய தேக்கின் சாம்பல் நிறம். அதையும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். கால் சுடுவது அதில்தான் குறைவு.